ரக்தாட்சி வெள்ளத்தின் உயரம்

போன வாரம் தில்லைநகரில் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஏறும்போது வாய் தன் பாட்டுக்கு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணியது. கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண், "முட்டி வலியா பாட்டி? மெதுவா வாங்க" என்றாள். முட்டி வலியும் உண்டுதான். ஆனால் படி எண்ணுகிற பழக்கம் முட்டி வலிக்கு மூத்தது. இருபத்திரண்டு வயதில் என்னைத் தொற்றிக்கொண்டது. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் வாசலில் எத்தனை படி என்று எண்ணாமல் உள்ளே நுழைய மாட்டேன். கல்யாணத்தில் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டால் மறந்திருக்கும். மண்டபத்துக்கு எத்தனை படி என்று கேட்டால் உடனே சொல்வேன். யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஒரு மனிதருடைய ஏழு வருஷ உழைப்பைத் தின்றுவிட்டு எனக்கு வந்த பழக்கம் இது. அதைத்தான் சொல்ல வருகிறேன். நடுவில் வேறெங்காவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேராகப் போகிற வழி தெரியாது.

பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சங்கு ஊதினால் எழுவோம், சங்கு ஊதினால் சாப்பிடுவோம். நான் பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அடுத்து எந்தச் சங்கு ஊதும் என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். அறுபத்தொன்றாம் வருஷக் கடைசி. ஒரு கல்லூரியில் புவியியல் விரிவுரையாளர் ஒருவருக்கு ஆராய்ச்சியில் உதவிக்கு ஆள் தேவை, பெண்ணாக இருந்தால் நல்லது என்று தெரிந்தவர் மூலம் செய்தி வந்தது. அப்பா கேட்டார்:

"ஆராய்ச்சின்னா என்ன வேலை?"

"வீடு வீடாப் போயி கேள்வி கேக்கணும்பா."

"அதுக்கு எதுக்கு பி.ஏ.?"

நியாயமான கேள்வி. 

விரிவுரையாளர் பெயர் சவரிமுத்து. நாற்பதை நெருங்கிய வயது. ஒல்லி. வெயிலில் போகும்போது மோவாய்க்குக் கீழே கயிறு கட்டிய ஒரு தொப்பி போட்டுக்கொள்வார். காவிரி வெள்ளத்தைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஏழு வருஷமாக. அவருக்குப் பின்னால் பதிவு செய்தவர்கள் டாக்டராகி, அவருக்கே அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் கடைசித் தவணையாக அறுபத்திரண்டு மார்ச் முடிய நேரம் கொடுத்திருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பிறகு டாக்டர் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வெள்ளம் என்றால் எந்த வெள்ளம் என்று அந்தக் காலத்தில் திருச்சியில் யாரும் கேட்க மாட்டார்கள். ரக்தாட்சி வருஷம், அதாவது இருபத்துநாலாம் வருஷம், ஆடி மாதத்தில் காவிரியும் கொள்ளிடமும் சேர்ந்து ஊருக்குள் வந்த வெள்ளம்தான் வெள்ளம். நாங்கள் போன சமயத்தில் அதற்கு முப்பத்தேழு வயது ஆகியிருந்தது. முக்கொம்பு அணையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சர்க்கார் குறிப்பு இருந்தது. தெருவுக்குள், வீட்டுக்குள் எவ்வளவு வந்தது என்பதற்குச் சர்க்காரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் வீடுகளில் இருந்தது. தண்ணீர் வந்து நின்ற உயரத்தில் சுவரில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார்கள். சாரின் யோசனை எளிமையானது. முக்கொம்பிலிருந்து கிழக்கே வர வர ஒவ்வொரு கோடும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து, எல்லாவற்றையும் வரைபடத்தில் இணைத்தால், அந்த வெள்ளம் எப்படிச் சரிந்து படுத்திருந்தது என்று தெரிந்துவிடும். போன வெள்ளத்தைத் திரும்ப நிறுத்திப் பார்க்கிற வேலை.

முக்கொம்பு, ஜீயபுரம், உறையூர் எல்லாம் அவரே முடித்துவிட்டார். ஸ்ரீரங்கம் மட்டும் பாக்கி. கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு தெருவில் பத்தொன்பது வீடுகளில் கோடு இருந்தது. ஆனால் தொப்பி போட்ட ஆம்பிளையை வாசல் ரேழிக்கு மேல் அங்கே யாரும் விடவில்லை. அதனால்தான் நான். எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். அதை நான் புகுந்த வீட்டில் வேறு மாதிரிச் சொல்லி வைத்திருந்தேன்.

கேள்விப் படிவம் சைக்ளோஸ்டைலில் அடித்தது. அந்த மையின் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த ஒரு வாசனை. கையில் ஒட்டினால் ரசம் சாதத்தில் அது தெரியும். படிவத்தில் பதினொரு கேள்விகள். கோடு எங்கே இருக்கிறது, யார் போட்டது, பார்த்தவர் உயிரோடு இருக்கிறாரா, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, இப்படி. ஒன்பதாவது கேள்வி: வெள்ளம் வந்த ராத்திரி நிலா இருந்ததா?

ஒன்பதாவது கேள்வி சந்தானம் சாருடையது. அவர் கணக்குத் துறை. ஆனால் மனசு முழுக்க வானத்தில். கல்லூரி மொட்டைமாடியில் ஒரு பித்தளைத் தொலைநோக்கியைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். அந்த ராத்திரி சந்திரன் எந்த நிலையில் இருந்தது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "நிலா வெளிச்சம் இருந்தது" என்று சொன்னவர்கள் நேரில் பார்த்தவர்கள், "கும்மிருட்டு" என்று சொன்னவர்கள் கேட்டதைச் சொல்பவர்கள் என்று அவர் பிரித்துவிடுவார். மனிதர்களின் ஞாபகத்தைச் சந்திரனை வைத்துச் சோதிக்கிற அந்த யோசனையில் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. ஒருநாள், "ஆடி மாசம் மேகம் மூடியிருந்தா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"நிலா இருந்ததுன்னுதான் நான் சொல்லுவேன். மேகம் என் கணக்குல வராது" என்றார். வருத்தமே இல்லாமல் சொன்னார்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு மட்டம் பார்க்கிற கருவியோடு போய் இறங்கியது அறுபத்திரண்டு ஜனவரி. இதைவிட மோசமான மாதத்தைச் சரித்திரத்தில் தேடி எடுக்க முடியாது. பிப்ரவரி முதல் வாரத்தில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடப்போகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடே கதிகலங்கிக் கிடந்தது. ஹோமப் புகையில் தெரு தெரியவில்லை. அந்தப் புகைக்குள்ளிருந்து முக்காலியும், பதினாலடி அளவுக்கோலும், தொப்பியுமாக இரண்டு பேர் வந்து வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று அளந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

"வரப்போறதா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

"இல்லைங்க, பழைய வெள்ளத்தைத்தான் அளக்கிறோம்" என்றார் சார்.

"புதுசு வரலேன்னா பழசை எதுக்கு அளக்கணும்?"

சந்தானம் சார் ஒருநாள் வந்து, கிரகங்கள் ஒரே ராசியில் தெரிந்தாலும் கோடிக்கணக்கான மைல் தள்ளித்தான் இருக்கின்றன, ஒன்றும் ஆகாது என்று தெரு முனையில் நின்று விளக்கினார். நன்றாகத்தான் விளக்கினார். சேர்க்கை வந்த மூன்று நாளும் அவர் மட்டும் கல்லூரிக்கு வரவில்லை. "ஆத்துல விடலை" என்றார்.

உலகம் அழியப்போவதில் எங்களுக்கு ஒரு லாபம் இருந்தது. எல்லா வீட்டிலும் கோட்டுக்குப் புதிதாக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். தேடவே வேண்டியதில்லை. அது வெறும் கோடு இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "திருக்காவேரித் தாயார் ஆத்துக்குள்ளே எழுந்தருளின இடம்" என்று சொல்லி என்னைச் சேவிக்கச் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டுக்குச் சித்திரான்னம் செய்து கோட்டின் முன்னால் வைத்துத்தான் சாப்பிடுவார்களாம். வீட்டை நாசம் செய்துவிட்டுப் போன தண்ணீருக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. எழுதவில்லை.

அளக்கும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. சார் தெருவில் முக்காலி மேல் கருவியை வைத்துக் அதன் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நான் வீட்டுக்குள் கோட்டின் பக்கத்தில் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புடவையும் பதினாலடிக் கோலுமாக நான் தெருவில் நடந்தபோது, கோயில் குடை தூக்குகிறவர்கள்கூட எனக்கு வழிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கருவியில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பத்தொன்பதில் ஒரு வீட்டிலிருந்த வேதவல்லி மாமி மட்டும் ஒருநாள் தெருவில் இறங்கி வந்து அதில் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தலைகீழான்னா தெரியறது? இதை வெச்சுண்டா உலகத்தை அளக்கறேள்?" என்று கேட்டார். சார் அதற்கு விஞ்ஞான விளக்கம் ஒன்று சொன்னார். மாமி கேட்டுக்கொண்டு நின்ற தினுசைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

வேதவல்லி மாமி வீடுதான் எங்களுக்குப் பிரச்னை. பதினெட்டு வீட்டுக் கோடும் ஆற்றின் போக்குக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நூல் பிடித்தது போல வந்தன. வரைபடத்தில் அவற்றை இணைத்த அன்று சார் எனக்கு ஒரு முழு பாதாம்கீர் வாங்கிக் கொடுத்தார். மாமி வீட்டுக் கோடு மட்டும் எல்லாவற்றையும்விட ஒன்றரை அடி கீழே இருந்தது. இரண்டு பக்கத்து வீட்டிலும் உயரமாக நின்ற தண்ணீர், நடு வீட்டில் மட்டும் ஒன்றரை அடி பள்ளமாக நிற்குமா? மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் ஒன்றரை அடி.

அந்த வீடு வேறு விதத்திலும் தெருவில் தனி. மாமியின் கணவருக்கும் அவர் தம்பிக்கும் பாகப் பிரிவினை வழக்கு, வெள்ளத்துக்கு முந்தியே ஆரம்பித்தது. தீர்ப்பு வரும்வரை வீட்டில் யாரும் எதையும் மாற்றக்கூடாது என்று தடையுத்தரவு. ஓர் ஆணி அடிப்பதானால்கூட வக்கீலைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் மாமியே எனக்குச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். பதினொரு கேள்வியில் வழக்கைப் பற்றி ஒன்றும் இல்லாததால் அதையும் எழுதவில்லை.

சார் கடைசியில் மாமி வீட்டுப் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். தமிழில் சொன்னால் 'நம்பத்தகாதது'. பதினெட்டு சாட்சிக்கு எதிராக ஒரு சாட்சி. யாராயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். டைப் அடிக்கக் கொடுத்தாயிற்று.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டு மாமி என்னிடம், "எல்லாராத்துக் கோடும் சரியா இருக்கோடீ?" என்று கேட்டார். எனக்கு அப்போது ஆராய்ச்சிக்காரி என்ற கர்வம் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. "வேதவல்லி மாமி ஆத்துக் கோடு மட்டும் சரியில்லை மாமி, தள்ளிட்டோம்" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லி வைத்தேன். மத்தியானத்துக்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு கேலி இருந்ததாம்: அண்ணன் தம்பி சண்டை போடுகிற வீடு என்று தாயாரே முழுசாக உள்ளே வராமல் போய்விட்டாள் என்று. இப்போது காலேஜே அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு கையெழுத்து பாக்கி என்று நான் அந்தத் தெருவுக்குப் போனேன். மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வா பொண்ணே. எங்காத்துச் சுவர் பொய் சொல்றதுன்னு சொன்னியாமே?"

"அப்படிச் சொல்லல மாமி. மத்த வீட்டோட ஒத்துப்போகல."

"நான் இந்தாத்துக்கு வந்த வருஷம்தான் வெள்ளம். பரண் மேலே ஏறி உக்காந்துண்டு பார்த்தவ. வடிஞ்ச உடனே என் மாமனார் சாவியாலே கீறினார், ஈரச் சுவர்லே. நான் விளக்குப் பிடிச்சேன். பொய்யா?"

மாமி தன் வாசலைக் காட்டினார்.

"எங்காத்துக்கு எத்தனை படி?"

"ஒண்ணு."

"பக்கத்தாத்துக்கு?"

எண்ணினேன். மூன்று. அதற்கடுத்த வீட்டுக்கும் மூன்று. தெரு முழுக்க மூன்று. இரண்டு மாதமாக அந்தத் தெருவில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நாளும் எண்ணியதில்லை.

"வெள்ளம் வடிஞ்சப்புறம் எல்லாரும் பயந்துண்டு தரையை ஒசத்திண்டா. படி ஒத்தைப்படையா இருக்கணுமோல்லியோ, ஒண்ணை மூணாக்கினா. எங்களுக்குத்தான் கோர்ட் தடை, ஒரு செங்கல் வைக்க முடியலை. தரை ஒசந்தா சுவர்லே இடுப்பளவு இருந்த தாயார் எங்கே போவா? முட்டிக்குக் கீழே போயிடுவா. அங்கே போறவா வரவா கால் படும். விட்டுடுவாளா? தரை எவ்வளவு ஏறித்தோ அவ்வளவு தாயாரையும் ஏத்தி எழுந்தருளப் பண்ணிட்டா. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஆத்துலேயும் போய்த் தாம்பூலம் வாங்கிண்டு வந்திருக்கேன்."

இரண்டு படி, ஒன்றரை அடி. பதினெட்டு வீட்டிலும் கோடு நகர்ந்திருக்கிறது. எல்லாரும் அதே இரண்டு படி ஏற்றியதால் ஒரே அளவில் நகர்ந்திருக்கிறது. அதனால்தான் நூல் பிடித்தது போல இருந்தது. நகராதது மாமி வீட்டுக் கோடு ஒன்றுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டு வீட்டுக்கும் போய் ஒரே கேள்வி கேட்டேன். ஒருவர்கூட மறைக்கவில்லை. எப்படி ஏற்றினோம், என்ன நைவேத்தியம் செய்தோம் என்று ஆசை ஆசையாகச் சொன்னார்கள். ஒரு மாமி, "இதைத்தான் நீ கேக்கவேயில்லையே" என்று குறைபட்டுக்கொண்டார்.

ஒருவேளை இது ஸ்ரீரங்கத்து ஆசாரம் மட்டும்தானோ, மற்ற ஊர்க் கோடுகளாவது பிழைத்துக்கொள்ளுமோ என்று ஒரு நப்பாசை. மறுநாள் டவுன் பஸ் பிடித்து உறையூரில் சார் ஏற்கெனவே அளந்திருந்த ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனேன். தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவரிடம் கேட்டேன். தறியை நிறுத்தாமலே சொன்னார்: "தரையை ஏத்துனப்ப கோட்டையும் ஏத்திட்டோம்ங்க. அம்மாவைக் காலடியில வச்சிக்கிட்டு எப்படிங்க தறி மிதிக்கிறது?"

"எவ்வளவுங்க ஏத்துனீங்க?"

"அது யாருக்குங்க ஞாபகம் இருக்கு? இடுப்புக்கு வச்சோம்."

நான் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைப்பதுண்டு. மார்ச் மாதம் பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. ஆய்வேடு டைப் அடித்து நான்கு பிரதியாக வந்து, சாரின் மேஜை மேல் பைண்டிங்குக்குப் போகக் காத்திருந்தது. ஏழு வருஷம். நான் வந்து மூன்று மாதம். மூன்று மாதத்துக்காரி ஏழு வருஷத்துக்காரரிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? பஸ்ஸில் வரும்போது வாக்கியம் வாக்கியமாக ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்து, "சார், படியை எண்ணலை சார்" என்று அழுதுவிட்டேன்.

சார் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். சந்தானம் சாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சார் கேட்டார்:

"எத்தனை வீட்டுல கேட்டம்மா?"

"பதினெட்டுலயும் சார்."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"சந்தோஷமாச் சொன்னாங்க சார். மறைக்கவே இல்ல."

"நாம கேக்கல" என்றார் சார். டப்பாவை மூடினார்.

சந்தானம் சாருக்கு இதில் பிரச்னையே தெரியவில்லை. "பதினெட்டுலேயும் ஒண்ணரை அடியைக் கழிச்சுடுங்கோ. ஒரு வாரத்துல மறுபடி டைப் அடிச்சுடலாம்."

"ஸ்ரீரங்கத்துல கழிக்கலாம் சார். சரிபார்க்க ஒரு வீடாவது இருக்கு. உறையூர்ல எவ்வளவு கழிக்கிறது? ஜீயபுரத்துல? பழைய தரை எங்க இருந்துச்சுன்னு யாரைக் கேக்கிறது?"

"உத்தேசமாக் கழியுங்கோளேன். யாருக்குத் தெரியப்போறது?"

சார் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அந்த வேதவல்லி அம்மாவுக்கும் தெரியுமே" என்றார். பிறகு, "எனக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

இன்னும் ஒரு வருஷம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். முடியாது என்று பதில் வந்தது. கடைசி நாளன்று நான் துறைக்குப் போனபோது சார் முதலாண்டு மாணவர்களின் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். நான்கு பிரதிகளும் அப்படியே மேஜை மேல் இருந்தன. மேல் பிரதியின் மேல் தொப்பியை வைத்திருந்தார். நான் உட்கார்ந்து மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுத்தேன். ஒரு பையன் உலகத்தின் மிக நீளமான நதி கொள்ளிடம் என்று எழுதியிருந்தான். சார் அதற்கு அரை மார்க் போட்டார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார். கருவி இல்லை, கோல் இல்லை. மாமி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, உங்க சுவர்தான் சரி. நான் தப்பா எழுதிட்டேன்" என்றார்.

"அதைத் தெருவுலே நின்னு சொல்லுங்கோ" என்றார் மாமி.

வேறு யாராவதாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். சார் படியிறங்கித் தெரு நடுவே போய் நின்றார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பாடம் நடத்துகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில், "இந்தத் தெருவுல வேதவல்லி அம்மா வீட்டுக் கோடு மட்டும்தான் சரியான உயரத்துல இருக்கு. அது தப்புன்னு நான் சொன்னது தப்பு" என்றார். காலை பதினொரு மணி. கீரைக்காரி ஒருத்தியும் ஒரு மாடும் நின்று கேட்டார்கள். பிறகு ஜன்னல்களில் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருக்கும் ரோஷம் வரவில்லை. எதிர் வீட்டு மாமி ஜன்னலிலிருந்தே, "நாங்கதான் ஏத்தி வெச்சோம்னு சொன்னோமே. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தேள்? ஒரு வாய் மோர் சாப்பிட்டுப் போங்கோ" என்றார். சார் மோர் சாப்பிட்டார். நான் அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சந்தானம் சார் மறுவருஷம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் பள்ளிக்கூட வாத்தியார் ஆகி, பூகோளம் நடத்தி, ஓய்வு பெற்றேன். சவரிமுத்து சார் கடைசிவரை விரிவுரையாளர்தான். அவரிடம் படித்தவர் அவருக்கே துறைத் தலைவராக வந்தார். ஒரு தடவை துணிந்து கேட்டேன்: "நான் அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா சார்?" சாதாரணமாகச் சொன்னார்: "டாக்டராயிருப்பேன்மா." என்னைத் தேற்றுவதற்காகக்கூட வேறு மாதிரிச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு அன்பு என்று ஒன்று இருக்குமானால் அது அந்தப் பதிலுக்காகத்தான்.

வரைபடத்தை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. முக்கொம்பிலிருந்து கிழக்கே எல்லாப் புள்ளிகளையும் ரப்பரால் அழித்துவிட்டார். மாமி வீட்டுப் புள்ளியை மட்டும் விட்டு, பக்கத்தில் உயரத்தை எழுதித் துறைச் சுவரில் மாட்டியிருந்தார். அவ்வளவு பெரிய தாளில் ஒற்றைப் புள்ளி. புதிதாக வருகிற மாணவர்கள் அது ஏதோ நட்சத்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் போய்விட்டது. வழக்கு முடிந்தபோது அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, மாமியும் இல்லை. வாரிசுகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர்கள் ஒரே நாளில் இடித்துவிட்டார்கள். தெருவில் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகின. இப்போது அங்கே தரை மட்டத்தில் கார்கள் நிற்கின்றன. மனிதர்கள் அதற்கு மேலே இருக்கிறார்கள். சார் காலமான பிறகு ஒருமுறை கல்லூரிக்குப் போனேன். புவியியல் அறையை இரண்டாகத் தடுத்துக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். வரைபடத்தைப் பற்றி விசாரித்தேன். எந்த வரைபடம் என்றார்கள். படிவத்தில் அந்த உயரத்தை எழுதியவள் நான்தான், என் கையெழுத்தில். கடல் மட்டத்துக்கு மேல் இருநூற்றுச் சொச்சம் அடி என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொச்சத்துக்காகத்தான் அந்த மனிதர் டாக்டர் ஆகாமல் போனார். அதுதான் எனக்கு மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரண்டு போவதை டி.வி.யில் காட்டினார்கள். என் பேரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "அப்பாயி, அந்தக் காலத்துல பெரிய வெள்ளம் வந்துச்சே, எவ்வளவு தண்ணி?"

அந்த உயரத்தைப் பற்றி இந்த ஊரில் இன்னும் ஏதாவது தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, "இவ்வளவு" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். கையை எடுக்கும்போதுதான் உறைத்தது, நான் நின்றுகொண்டிருந்தது மூன்றாவது மாடியில்.